சீர் என்றால் அளவு

சீருடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். காக்கி என்றால் அதிகாரம், வெள்ளை என்றால் தூய்மை, கறுப்பு என்றால் நீதிமன்றம் என்று பள்ளி ஆண்டுவிழாவிலிருந்து பட்டிமன்றம் வரை ஒரே பாட்டு. கத்தரி பிடிக்கிறவர்களுக்கு நிறம் கடைசியில்தான் கண்ணில் படும். ஒரு சட்டை மேஜைக்கு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது தோளை. தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் நிற்கிறதா, கைப்பக்கம் சரிந்து கிடக்கிறதா? காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் போகிறதா, நாலு விரலும் போகிறதா? கால்சட்டையின் கீழ்மடிப்பைத் திருப்பினால் உள்ளே அரை அங்குலம் துணி இருக்கிறதா, 2 அங்குலம் இருக்கிறதா? இவ்வளவும் பார்த்தாலே அந்த உடையைத் தைக்கச் சொன்னவர் யாரை மனத்தில் வைத்திருந்தார் என்று சொல்லிவிடலாம். உடுத்தப் போகிறவரை வைத்துத் தைத்ததையும், பில் தொகையை வைத்துத் தைத்ததையும் மாற்றி மாற்றிக் காட்டி எங்களை ஏமாற்ற முடியாது. சீருடையின் வரலாற்றை இந்தக் கண்ணோடு படித்தால், நிறம் சொல்லும் கதைக்குக் கீழே இன்னொரு கதை ஓடுவது தெரியும். ஒரே நிறம் உடுத்தியதால் மட்டும் மனிதர்கள் சமமாகிவிடவில்லை. யாருடைய உடம்பை அளந்தார்கள், யாருடையதை அளக்காமல் விட்டார்கள் என்பதில்தான் மதிப்பும் அவமதிப்பும் இருந்திருக்கின்றன.

சீருடை பிறந்ததே ஒருவர் கொடுக்க இன்னொருவர் வாங்கிய துணியாகத்தான். ஐரோப்பாவில் பிரபுக்கள் தங்கள் வேலைக்காரர்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்த உடைக்கு 'லிவரி' என்று பெயர். கொடுக்கப்பட்டது என்பதே அந்தச் சொல்லின் வேர்ப்பொருள். உடையைப் பார்த்தால் ஆள் யாருடைய சோற்றைச் சாப்பிடுகிறான் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் அது. நமக்கும் இது அந்நியமில்லை. பண்ணையாள்களுக்குத் தீபாவளிக்கு வேட்டியும் புடவையும் எடுத்துக் கொடுத்த வீடுகளில் அதே பீஸிலிருந்து முதலாளி தனக்கு வேட்டி எடுத்ததில்லை. பள்ளிச் சீருடைக்கும் இதே ஊற்றுதான். 1552-இல் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியின் நீண்ட நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கும் மிகப் பழைய பள்ளிச் சீருடைகளில் ஒன்று. நீலம் அன்று மலிவான சாயம், தர்மத்துக்கு வளரும் பிள்ளை என்று தெருவில் காட்டிக் கொடுத்த நிறம். அதே அங்கி இப்போது பெருமைக்குரிய அடையாளமாகிவிட்டது. மாற்றலாமா என்று அண்மைக் காலத்தில் மாணவர்களையே கேட்டபோது வேண்டாம் என்றவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. சாயம் மாறவில்லை, வெட்டும் அதிகம் மாறவில்லை. அதனால் அவமானமோ பெருமையோ நிறத்துக்குள் ஊறிக் கிடக்கிறது என்று சொல்ல வழியில்லை.

நிறத்தைவிட வெட்டு எவ்வளவு கூர்மையான ஆயுதம் என்பதற்குச் சான்று தேடி நாம் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. குமரி மாவட்டம் உள்ளடங்கிய பழைய திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பொதுவாக மேலாடை உரிமைக்கான போராட்டம் என்கிறோம். அது சரிதான். ஆனால் அரசு இறங்கி வந்தபோது எந்த இடத்தில் கோடு கிழித்தது என்பதைத் தையல்காரர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவச் சாணார் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டது குப்பாயம் என்ற தைத்த சட்டை. தோளில் மடித்துப் போடும் மேல்சீலைக்கு அனுமதி கிடையாது. அது உயர்சாதிப் பெண்களின் உடைமுறை. 1859 ஜூலையில் வந்த பிரகடனம் மார்பை மறைக்கும் உரிமையைச் சாணார் பெண்கள் எல்லோருக்கும் தந்தது, ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற விலக்கையும் சேர்த்தே தந்தது. துணி இருக்கலாம், விதம் ஒன்றாக இருக்கக் கூடாது. அதிகாரம் துணியைக் கொடுத்துவிட்டு மடிப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டது. சாதியை உடுப்பில் எழுதியவர்களுக்குக் கத்தரியின் வேலை நன்றாகத் தெரிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

காக்கியின் கதையிலும் இதுதான். புழுதி என்று பொருள்படும் 'காக்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். 1846-இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படைதான் இதை முதலில் உடுத்தியதாகப் படைவரலாறுகள் சொல்கின்றன. அன்றைய கம்பெனிச் சிப்பாயின் உடை இறுக்கமான சிவப்புக் கோட்டு. இங்கிலாந்துக் குளிருக்குத் தைத்த கோட்டை வட இந்திய வெயிலில் மாட்டிக்கொண்டு நடந்தவர்களின் கழுத்து என்ன பாடு பட்டிருக்கும் என்பதைக் காலர் தைக்கிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம். லம்ஸ்டன் நிறத்தை மட்டும் மாற்றவில்லை; உடம்புக்கும் ஊருக்கும் ஏற்ற தளர்ந்த உடையைக் கொடுத்தார். புழுதி நிறம் எதிரியின் கண்ணுக்குத் தப்பியதால் காக்கி வென்றது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். குனிந்து நிமிர முடிந்ததாலும் வென்றது என்பதை யாரும் எழுதுவதில்லை. பிறகு மங்களூரில் பாசல் மிஷன் நெசவுச்சாலைக்கு 1851-இல் வந்த ஹாலர் அங்கே காக்கிச் சாயத்தை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. வெளுக்காத காக்கிச் சாயத்துக்கு 1884-இல் இங்கிலாந்தில் கேட்டி என்பவர் காப்புரிமை பெற்றார். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கடல்கடந்து போரிடும் பிரிட்டிஷ் படை முழுவதும் காக்கிக்கு வந்துவிட்டது. சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் நெய்த காக்கி டிரில் இரண்டு உலகப் போர்களுக்கும் போயிற்று. 1996-இல் ஆலை மூடிய பிறகும் 'பின்னி காக்கி' என்று கேட்டு வாங்கிய பழைய வாடிக்கையாளர்கள் இந்தத் தொழிலில் ஒரு தலைமுறைக்கே தெரிந்தவர்கள்; அந்த டிரில்லின் சாய்வரி நெசவு முழங்கால் இடத்தில் கிழியாது, இஸ்திரி மடிப்பு மாலைவரை நிற்கும்.

ஆனால் காவல்துறைக்குள் வந்ததும் காக்கி இரண்டாகப் பிரிந்தது. நிறம் ஒன்று, வெட்டு வேறு. வெள்ளைக்கார அதிகாரிக்கு அளவெடுத்த கோட்டு, முழுக்கால் சட்டை, பூட்ஸ். இந்தியக் காவலருக்குத் தலைப்பாகை, தொடையைச் சுற்றிக் குடைபோல் விரிந்த அரைக்கால் சட்டை, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுற்றும் பட்டி. பழைய தமிழ்ப் படங்களில் சிரிப்புக் காவலர் வரும்போதெல்லாம் அந்த டவுசர்தான் முதலில் சிரிப்பை வாங்கும், நடிப்பு அப்புறம். வளர்ந்த மனிதனை அரைக்கால் சட்டையில் நிறுத்தினால் அவன் பாதி பையனாகிவிடுகிறான் என்பதை அந்த உடையை வகுத்தவர்கள் அறியாமல் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். வெயிலுக்கு ஏற்ற உடை அது என்று வாதிடலாம். அதே வெயில் அதிகாரிக்கும் அடித்தது. புதுச்சேரிக் காவலர்கள் இன்றும் பிரெஞ்சு மரபில் வந்த சிவப்புக் கெப்பியை அணிகிறார்கள். அங்கே தொப்பியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, சுற்றுலா வந்தவர்கள் படம் பிடிக்கிறார்கள். தலைக்குச் சரியாக உட்காரும் தொப்பி எந்த நிறமாக இருந்தாலும் மரியாதை தரும்.

ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் உடை வேண்டும் என்ற நிலை வந்தபோது அளவெடுப்பதே ஒரு கேள்வியானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்குச் சீருடை தைக்கச் சிப்பாய்களின் உடலளவுகளைத் திரட்டியபோது, மார்பு இவ்வளவு என்றால் இடுப்பும் கையும் பெரும்பாலும் இவ்வளவு இருக்கும் என்ற ஒழுங்கு தெரியவந்தது. இன்று ரெடிமேட் கடையில் 38, 40, 42 என்று தொங்கும் சட்டைகளின் முன்னோர் அந்தப் படைச்சட்டைகள். அதாவது, அளவுப் பட்டியல் என்ற பெரிய கண்டுபிடிப்பு சீருடை பெற்ற குழந்தை. அதே போரில் இன்னொன்றும் நடந்தது. பழைய கம்பளியைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நெய்த 'ஷாடி' என்ற துணியில் தைத்த உடைகளைச் சில ஒப்பந்தக்காரர்கள் படைக்குத் தள்ளிவிட்டார்கள். மழையில் நனைந்ததும் அவை பிரிந்து தொங்கின. மட்டமான வேலை எதற்கும் இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே பெயராக இருக்கிறது. மொத்தமாகத் தைப்பதில் அளவும் பிறந்தது, மோசடியும் பிறந்தது. மொத்த ஆர்டர் என்றாலே மட்டம்தான் என்று சலித்துக்கொள்கிறவர்கள் முதல் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிச் சீருடையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். காமராஜர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், ஊரார் கொடுத்த நன்கொடைகளில் மதிய உணவோடு சீருடையும் இருந்தது. சட்டை இல்லாததால் பள்ளிக்கு வராத பிள்ளை வர வேண்டும் என்பது முதல் நோக்கம். 1985 வாக்கில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசே சீருடை தரத் தொடங்கியது. 2012-13 முதல் ஆண்டுக்கு 4 இணை. துணியைக் கூட்டுறவு நெசவாளர்கள் நெய்ய, மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள் தைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஒரு சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு ஈரத்தோடு உடுத்திய தலைமுறைக்கு 4 இணை என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் வகுப்பை வைத்தோ வயதை வைத்தோ அளவு முடிவாகும் இடத்தில் குறை தொடங்குகிறது. ஒரே வகுப்பில் ஒரே வயதில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் மார்புச் சுற்றளவில் 4 அங்குல வேறுபாடு இருப்பது சர்வ சாதாரணம். அது எங்கள் கணக்கில் இரண்டு அளவு தள்ளி. தோள் வழியும் சட்டையைப் போட்ட பிள்ளையைப் பார்த்ததும், இது கவர்மென்ட் சட்டை என்று நிறத்தைப் பார்க்காமலே ஊர் சொல்லிவிடும். பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் 'பிடித்து'ப் போட வசதி இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அதே சட்டை பொருந்தி நிற்கும். சமமாக்கக் கொடுத்த உடை, தையல்காரருக்குக் கொடுக்கக் கையில் காசு இருந்ததா என்பதைக் காட்டும் பலகையாகிவிடுகிறது.

இலங்கை வேறு வழியில் போனது. 1990-களின் தொடக்கத்தில் அதிபர் பிரேமதாசா காலத்திலிருந்து அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தைத்த உடை தருவதில்லை, வெள்ளைத் துணியாகத் தருகிறார்கள். யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ, பிள்ளை துணியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஊர்த் தையல்காரரிடம் கொடுக்க வேண்டும். பொருத்தம் பிரச்சினை இல்லை, கூலி பிரச்சினை. இலவசத் துணிக்குத் தையல்கூலி இல்லாமல் தவிக்கும் வீடும் உண்டு. ஆக அளவை வீட்டிடம் விட்டால் செலவு வீட்டின் தலையில் விழுகிறது, அரசே தைத்தால் அளவு காகிதத்தில் நின்றுவிடுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அரசு தைப்பதையே தேர்ந்தெடுப்பேன், ஒரே நிபந்தனையோடு: நாடா பிள்ளையின் உடம்பில் பட வேண்டும்.

கொடுப்பதும் அளப்பதும் நம் சொல்லிலேயே இருக்கின்றன. சீர் என்றால் ஒழுங்கு. பெண்வீட்டார் தட்டுத் தட்டாக எடுத்து வருவதும் சீர்தான். அது கொடுப்பவர் பெருமையைக் காட்டும் கொடை. செய்யுளில் சீர் என்றால் அடியை அளக்கும் உறுப்பு. அசை கூடினாலோ குறைந்தாலோ ஓசை தட்டும் என்பது யாப்புப் படித்தவர்களுக்குத் தெரியும். சீருடையை இரண்டாவது பொருளில், சீர்வரிசை போல, மேடை போட்டு வழங்குகிற பழக்கம் நமக்கு நன்றாகவே படிந்திருக்கிறது. மூன்றாவது பொருளை எடுத்துக்கொள்ளத்தான் நேரம் வரவில்லை.

பிள்ளையை அளந்து தைக்க வேண்டும் என்றால் முதலில் வரும் மறுப்பு பணம். லட்சக்கணக்கான பிள்ளைகளை ஒவ்வொருவராக அளந்து தைத்தால் கட்டுபடியாகுமா என்று கேட்பார்கள். அடுக்கு வெட்டு தெரியாதவர்கள்தான் இந்தக் கேள்வியில் பயப்படுவார்கள். ஐம்பது, நூறு மடிப்பாகத் துணியை விரித்து, மேலே அச்சு வரைந்து, இயந்திரக் கத்தியால் ஒரே தடவையில் வெட்டுகிறோம். 6 அளவுக்குப் பதில் 10 அளவு வைத்தால் அச்சு வரைவதில் வேலை கூடும், அடுக்குகளைப் பிரித்துக் கட்டுவதில் கவனம் கூடும். துணியின் செலவு அப்படிக் கூடாது. சிறிய அளவின் கைத்துண்டைப் பெரிய அளவின் இடுக்கில் செருகி வரைந்தால் சில சமயம் மிச்சம்கூட ஆகும். உயிர்போகும் வேலை அளவெடுப்புதான், அதிலும் சட்டைக்கு மார்பு, தோள், உயரம் என்று மூன்றும், கால்சட்டைக்கு இடுப்பு, உயரம் என்று இரண்டும் போதும். ஒரு வகுப்பறையை இரண்டு பேர் அரை நாளில் முடித்துவிடலாம். அடுத்தது மடிப்பு. ஆறு வயதுக்கும் பருவ வயதுக்கும் நடுவே பிள்ளைகள் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. உயர்கிறார்கள், அதில் ஏறக்குறைய பாதி காலில் ஏறும், அதாவது ஓர் அங்குலம். கால்சட்டையின் கீழே 2 அங்குலம் உள்மடித்துத் தைத்தால் தையலைப் பிரித்து இறக்கி இன்னோர் ஆண்டைத் தாராளமாக ஓட்டலாம். 38 அங்குல வெட்டில் ஒன்றரை அங்குலம் கூடுதல் என்பது நூற்றுக்கு 4 பங்குத் துணி. பாவாடையில் டக் பிடித்துத் தைத்த பழைய தையல்காரர்கள் கணக்குப் புத்தகம் படித்தவர்களில்லை. வளர்கிற பிள்ளைக்குத் தைக்கிறோம் என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்தது. பின்புற இடுப்புத் தையலில் ஓர் அங்குலம் விட்டுத் தைப்பதும் அந்த நினைப்புத்தான்.

இரண்டாவது மறுப்பு கனமானது. சீருடை என்பதே மனிதரை வரிசையில் நிறுத்தும் கருவி, அதை அழகாகப் பொருத்தித் தருவது கூண்டுக்கு வர்ணம் அடிப்பது போல என்கிறார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானியப் பள்ளிப் பையன்களின் கறுப்பு உடை பிரஷ்யப் படையின் உடையிலிருந்து வந்தது தற்செயல் அல்ல. ஆனால் சீருடையை எடுத்துவிட்டால் வரிசை கலைந்துவிடுமா? சீருடை இல்லாத கல்லூரியில் யார் எந்தக் கடையில் துணி எடுத்தார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. மேலும், ஒழுங்குக்கும் பொருத்தத்துக்கும் பகை ஏதும் இல்லை. உடம்பைப் புறக்கணிக்கும்போதுதான் ஒழுங்கு கொடுமையாகிறது. 1973-இல் தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஆணின் மார்பு அச்சை எடுத்துச் சிறிதாக்கி வெட்டினால் பெண்ணின் சட்டை வராது; டார்ட் வேண்டும், இடுப்புச் சரிவு வேறு, பட்டன் இடைவெளி வேறு. இல்லாவிட்டால் கையைத் தூக்கினால் முன்பட்டி வாய் பிளக்கும். தெருவைக் கூட்டும் பெண்கள் புடவைக்கு மேலே மாட்டியிருக்கும் ஒளிரும் மேலங்கியைப் பாருங்கள்: எல்லோருக்கும் ஒரே அளவு, அதுவும் ஆணின் தோளுக்கு. குனிந்தால் முன்னால் தொங்கிக் குப்பையில் படுகிறது. வேலைக்குப் பொருந்தாத வேலையுடை அது. கேரளத்தில் வளையன்சிறங்கரை அரசு தொடக்கப்பள்ளி 2018-இல் ஆண், பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் கால்சட்டையைக் கொண்டுவந்தது. பெண் பிள்ளையை ஆணாக்கப் பார்க்கிறார்கள் என்று பின்னால் மாநிலத்தில் எழுந்த சச்சரவில் உடை விதியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஓடவும் மரம் ஏறவும் எந்த உடை விடுகிறது என்பதுதான் பிள்ளைகளின் கேள்வி. சமய அடையாளத் துணி விஷயத்துக்கு வந்தால், கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். சட்டம் அங்கே நிற்கட்டும். சீருடையின் அதே துணியிலேயே ஒரு முழம் சேர்த்து வெட்டித் தருவது எங்கள் மேஜையில் ஐந்து நிமிட வேலை.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: இலவசமாகக் கிடைப்பதில் பொருத்தம் வேறு பார்க்க வேண்டுமா? இதை வாதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆனாலும் அதிகமாகக் கேட்கும் பேச்சு இதுதான். பண்ணையாளுக்குத் தீபாவளி வேட்டி எடுத்துக் கொடுத்தவர் பேசிய பேச்சு இது. அரசுப் பள்ளிச் சீருடை வரிப்பணத்தில் வருவது; தீப்பெட்டி வாங்கினால்கூட அந்தப் பிள்ளையின் வீடும் ஏதோ ஒரு வழியில் அதற்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. தைக்கும் பெண்களும் கூலிக்குத்தான் தைக்கிறார்கள். அளவு சரியில்லை என்ற பழி கடைசியில் அவர்கள் தலையில் வந்து விழுகிறது. அவர்களிடம் தையல் தெரியாது என்பது பொய். அளவுத்தாள் அவர்கள் கைக்கு எப்படி வருகிறதோ அப்படித்தான் சட்டை வரும். தனியார் பள்ளிகளிலும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற பள்ளிகளில் பெற்றோர் விலை கொடுத்துப் பொருந்தாத உடையை வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த ஜூனில் பிள்ளை சீருடையைக் கொண்டுவந்ததும் நிறம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கால்சட்டையை உள்பக்கம் திருப்பிக் கீழ்மடிப்பையும், பின்புற இடுப்புத் தையலையும் நாடா வைத்து அளந்து பாருங்கள். கீழே 2 அங்குலமும் இடுப்பில் ஓர் அங்குலமும் இல்லையென்றால், அதை ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.